மண்ணுக்கு ஒரு நூலகம்

நூலகங்களின் கதை – 17

ஒரு வேளாண் பல்கலைக்கழக நூலகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அங்கே எத்தனை லட்சம் புத்தகங்கள் இருக்கின்றன என்று நான் கேட்பதில்லை. நேராக மண்ணியல் ரேக்குக்குப் போவேன். டூயி தசம முறையில் அடுக்கிய நூலகம் என்றால் 631.47 என்ற எண்ணில் மண் ஆய்வு அறிக்கைகள் இருக்கும். ஏதாவது ஒன்றை உருவிப் பின்னட்டையின் உட்பக்கத்தைத் திருப்புவேன். அங்கே ஒரு காகித உறை ஒட்டியிருக்கும். அதற்குள் மடித்து வைத்த வரைபடம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பல நூலகங்களில் உறை இருக்கும், வரைபடம் இருக்காது. ஆய்வேடு எழுதிய மாணவர் யாராவது எடுத்துப் போயிருப்பார். பைண்டிங்குக்குப் போன இடத்தில் ஓரம் வெட்டும்போது மடிப்பு சிக்கி அறுந்திருக்கும். அல்லது, வந்த நாளிலிருந்தே உறையை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். வரைபடம் போனால் அறிக்கையின் உயிரே போய்விட்டது. இருகூர் வகை மண் என்றால் என்ன, பீளமேடு வகை என்றால் என்ன என்று அறிக்கை பக்கம் பக்கமாக விவரிக்கும். ஆனால் எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில் செம்மண் முடிந்து கரிசல் தொடங்குகிறது என்பதை வரைபடம்தான் காட்டும். கோயம்புத்தூரைச் சுற்றி இந்த இரண்டும் நடந்து போகும் தூரத்துக்குள் மாறிவிடும். செம்மண்ணில் மழை சட்டென்று உள்ளே இறங்கிவிடும். கரிசலில் தண்ணீர் நிற்கும், மண் வீங்கும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒன்றுக்கு எழுதிய உரப் பரிந்துரை மற்றதற்கு ஆகாது.

அறிக்கைக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம். மண் ஆய்வாளர் ஓர் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று, மேலிருந்து கீழாகச் சுவரைப் படிக்கிறார். முதல் அடுக்கு எத்தனை சென்டிமீட்டர், அதன் நிறம் என்ன, விரலில் உருட்டினால் திரி போல நிற்கிறதா அல்லது உதிர்கிறதா, வேர்கள் எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுகிறார். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சிவப்பு, பழுப்பு என்று எழுதிவிட முடியாது. மன்சல் நிற அட்டைப் புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார். அதன் ஒவ்வொரு நிறச் சதுரத்தின் பக்கத்திலும் ஒரு துளை இருக்கும். மண் கட்டியைத் துளைக்குப் பின்னால் பிடித்துச் சதுரத்தோடு ஒப்பிட்டு, 2.5 ஒய்.ஆர். 3/6 என்பது போல ஒரு குறியை எழுதுவார். கருஞ்சிவப்பு என்பதை உலகில் எந்த மண்ணியலாளர் படித்தாலும் அதே கருஞ்சிவப்பாகப் புரிந்துகொள்வதற்கான ஏற்பாடு இது. இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குழிகளின் கதைதான் ஒரு மண் ஆய்வு அறிக்கை. எழுதியவர்கள் வெயிலில் நின்று எழுதியிருக்கிறார்கள். அதை அரசு அச்சகம் அச்சிட்டது. பிரதிகள் அலுவலகங்களுக்குப் போயின. எந்தப் புத்தகக் கடையும் அதை விற்றதில்லை.

வெப்பமண்டலப் பயிர், மண் பற்றி ஒரு பல்கலைக்கழகம் நூல் தொகுப்பு உருவாக்கும்போது சந்திக்கும் பெரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் எழுதிய இயற்பியல் புத்தகம் மதுரையிலும் செல்லும். மண்ணியல் புத்தகம் அப்படிச் செல்லாது. அயோவாவின் மக்காச்சோள வயலை வைத்து எழுதிய பாடநூல், குளிர்காலத்தில் மண் உறைந்து கிடப்பதை இயல்பான ஒன்றாக எடுத்துக்கொண்டுதான் தொடங்கும். நம் பகுதியில் மண்ணிலுள்ள மக்கு ஆண்டு முழுவதும் சிதைந்துகொண்டே இருக்கிறது. நெடுங்கால மழையில் அரித்துப்போன வெப்பமண்டல மண்களில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தேங்கிவிடுகின்றன. போட்ட மணிச்சத்தை அவை பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை. விற்பனைப் பட்டியலில் வருவதை மட்டும் வாங்கிச் சேர்க்கும் நூலகம், கட்டடம் இங்கே இருந்தாலும் குளிர்நாட்டு நூலகமாகவே இருக்கும்.

இதற்கு நெல்லைவிட நல்ல உதாரணம் கிடையாது. வேளாண்மைப் பாடநூல்களில் பெரும்பாலானவை காற்று புகும் மண்ணைப் பற்றியவை. நெல்வயல் தண்ணீருக்குள் கிடக்கும் மண். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால் நீர் கட்டிய சில நாட்களுக்குள் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், அது வாயுவாகி வெளியேறிவிடும். அடுத்து மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அதன்பின் சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேதிமாற்றம் நடக்கும். அமில மண்ணின் அமிலத்தன்மை குறையும், கார மண்ணின் காரத்தன்மையும் குறையும், இரண்டுமே நடுநிலையை நோக்கி வரும். பிடிபட்டுக் கிடந்த மணிச்சத்து ஓரளவு விடுபடும். நெல் உழவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேற்று உழவில் செய்துவந்த காரியத்தின் வேதியியல் இது.

இந்த வேதியியலை முழுதாகத் தொகுத்து எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த எஃப்.என். பொன்னம்பெரும. இலங்கை வேளாண்மைத் துறையில் நெல் மண்ணைப் பற்றி ஆராய்ந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், நீர் கட்டிய மண்ணின் வேதியியலையே பொருளாக எடுத்து 1955-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலாளராகச் சேர்ந்து கால் நூற்றாண்டுக் காலம் பணியாற்றினார். 1972-ல் 'அட்வான்சஸ் இன் அக்ரானமி' தொடரின் 24-ஆம் தொகுதியில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. நெல் விளையும் நாட்டில் மண்ணியல் கற்பிக்கும் எந்த நூலகத்திலும் அந்தத் தொகுதி இல்லாமல் இருக்கக் கூடாது. நான் சொல்ல வந்த கதைக்கும் அவரே வழிகாட்டி. அவர் நடந்த பாதையிலிருக்கும் இலங்கை, கார்னெல் இருக்கும் இத்தாக்கா, லாஸ் பான்யோஸ் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பமண்டல வேளாண் நூலகத்தின் மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன.

முதலில் இலங்கை. கொழும்பில் 'சிலோன் அப்சர்வர்' நாளிதழை நடத்திய ஃபெர்குசன் குடும்பத்தினர், 1881-ல் 'தி ட்ராபிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்கள் இலைத் துரு நோயால் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்து எதை நடுவது என்று தெரியாமல் தவித்த தோட்ட முதலாளிகளுக்குத் தேயிலை, சின்கோனா, ரப்பர், கொக்கோ என்று கிடைத்த செய்தியையெல்லாம் அந்த இதழ் திரட்டித் தந்தது. பின்னர் அது அரசு வேளாண்மைத் துறையின் ஆய்விதழாகிப் பேராதனையிலிருந்து வெளிவந்தது. 1930-களில் தொடங்கி, ஏ.டபிள்யூ.ஆர். ஜோகிம் என்ற வேதியியலாளரும் எஸ். கந்தையாவும் சேர்ந்து இலங்கை மண்களைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் எழுதினார்கள். காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிறகு காடு வளர விட்டுவிடும் சேனைப் பயிர்ச்செய்கை மண்ணின் கட்டமைப்பை என்ன செய்கிறது என்று 1948-ல் அவர்கள் எழுதிய கட்டுரையும் அதில்தான் வந்தது. 1961-ல் மூர்மனும் பானபொக்கேயும் எழுதிய இலங்கை மண்களின் வகைப்பாடும் அதே இதழில்தான் வந்தது. இலங்கையின் மண்ணைப் பற்றி எதை எழுதத் தொடங்கினாலும் இந்த இதழில்தான் கால் வைக்க வேண்டும். ஆனால் உலகின் பெரிய வேளாண் நூலகங்கள் பலவற்றில்கூட இதன் வரிசை முழுதாக இருக்காது. நடுவில் சில ஆண்டுகள் விட்டுப்போயிருக்கும்.

இப்படியொரு இதழோ நிறுவனமோ பல காலனிகளில் இருந்தது. டிரினிடாட் தீவின் செயின்ட் அகஸ்டினில் 1922-ல் திறந்த வேளாண் கல்லூரி, பின்னர் இம்பீரியல் காலேஜ் ஆஃப் ட்ராபிக்கல் அக்ரிகல்ச்சர் ஆயிற்று. இங்கிலாந்தில் பட்டம் முடித்து காலனி வேளாண் அதிகாரியாகப் போக இருந்தவர்கள் நைஜீரியாவுக்கோ மலாயாவுக்கோ போவதற்கு முன்னால் அங்கே ஓர் ஆண்டு படித்தார்கள். 1924 முதல் 'ட்ராபிக்கல் அக்ரிகல்ச்சர்' ஆய்விதழ் அங்கிருந்து வருகிறது. டச்சுக்காரர்களுக்கு ஜாவாவில் போகோர் இருந்தது. அங்கே தாவரவியல் பூங்காவும், அதை ஒட்டி 1842-ல் தொடங்கிய நூலகமும் இருந்தன. பெல்ஜியர்களுக்குக் காங்கோவில் யாங்கம்பி. பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கள் காலனிகளை மண் வரைபடங்களாக்கினார்கள். ஆக, வெப்பமண்டல மண்ணைப் பற்றிய அறிவு ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, போர்த்துகீசியம், ஜப்பானியம் என்று ஐந்தாறு மொழிகளில் சிதறிக் கிடந்தது. காலனிகள் விடுதலை அடைந்தபோது கட்டடங்களும் தோட்டங்களும் உள்ளூரிலேயே நின்றன. அறிக்கைகளின் நல்ல பிரதிகள் லண்டனிலும் பாரிஸிலும் நெதர்லாந்தின் வாகனிங்கனிலும் இருந்தன.

ஜாவா மண்ணை ஆராய்ந்த டச்சு அறிஞர் மோர், 1930-களில் எழுதிய பெரிய நூலை யார் படித்திருப்பார்கள்? டச்சு தெரிந்தவர்கள் மட்டும்தான். லாஸ் பான்யோஸிலும் சயாமிலும் வேலை பார்த்த ராபர்ட் பெண்டில்டன் என்ற அமெரிக்க மண்ணியலாளர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1944-ல், பசிபிக் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மிச்சிகனிலுள்ள ஆன் ஆர்பரில் அது வெளிவந்தது. ஒரு துறைக்கான நூல்களை வாங்கும் வேலையில் மொழிபெயர்ப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை இந்த ஒரு நூலே காட்டிவிடும்.

இரண்டாவது அத்தியாயமான லாஸ் பான்யோஸ் அதைச் செய்துகாட்டியது. அங்கே 1909-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி 1945 பிப்ரவரியில் போரில் பெரும்பாலும் எரிந்து அழிந்தது. எல்லாவற்றையும் மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. 1952 முதல் 1960 வரை கார்னெல் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டுப் பேராசிரியர்களை அனுப்பியது. அந்த ஒப்பந்தம் முடிந்த 1960-ல் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளும் பிலிப்பைன்ஸ் அரசும் சேர்ந்து பக்கத்திலேயே நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவின. 1966-ல் ஐ.ஆர்.8 நெல் ரகம் வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிறுவனத்தின் நூலகம் செய்த காரியத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 1951 முதல் 1960 வரை உலகில் எந்த மொழியில் நெல்லைப் பற்றி எது வந்திருந்தாலும் அதைத் தேடிப் பட்டியலிட்டு, 1963-ல் ஒரு பெரிய நூற்பட்டியலாக வெளியிட்டது. பிறகு ஆண்டுதோறும் அதற்குப் பின்னிணைப்புகள் வந்தன.

அந்தப் பட்டியலைப் போட்டதும் ஒரு விஷயம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நெல் அறிவியலில் மிகப் பெரும் பங்கு ஜப்பானிய மொழியில் இருந்தது. இந்தியாவிலோ இலங்கையிலோ தாய்லாந்திலோ நெல் ஆராய்ச்சி செய்பவருக்கு அது கிடைத்தாலும் படிக்க முடியாது. அதனால் அந்த நூலகம் ஜப்பானியக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்து சேர்த்தது. ஒரே ஒரு பயிருக்கு மட்டும் என்று எல்லை போட்டுக்கொண்டதால்தான் இது முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இதே போல மரவள்ளிக்குக் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலும், சோளம், கம்புக்கு ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலும் தனித் தகவல் மையங்கள் பின்னர் உருவாயின. ஏழை நாட்டுப் பல்கலைக்கழகம் எல்லாப் பயிருக்கும் எல்லாவற்றையும் வாங்க முயன்று எதையும் முழுதாகச் சேர்க்காமல் விடுவதைவிட, தன் மாவட்டத்து இரண்டு பயிர்களுக்கு உலகிலேயே முழுமையான தொகுப்பு தன்னிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது அத்தியாயம் இத்தாக்கா. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் நூலகத்துக்கு மான் நூலகம் என்று பெயர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியோடு 1988-ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. கையில் இருப்பது குறைந்த பணம் என்றால் எந்தப் புத்தகங்களையும் எந்த ஆய்விதழ்களையும் முதலில் வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வாலஸ் ஓல்சன் என்ற நூலகர் அதை முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு துறையிலும் மதிப்புமிக்க ஆய்வுநூல்களை எடுத்து, அவற்றின் மேற்கோள் பட்டியல்களைக் கணக்கிட்டு, எந்த நூல் எத்தனை முறை காட்டப்படுகிறது என்று எண்ணினார்கள். அந்தப் பட்டியலைத் துறை அறிஞர்களுக்கு அனுப்பி, அவரவர் மதிப்பீட்டில் தரவரிசை தரச் சொன்னார்கள். 1991 முதல் 1996 வரை ஏழு தொகுதிகள் வந்தன. பீட்டர் மெக்டொனால்ட் பதிப்பித்த மண்ணியல் தொகுதி 1994-லும், ஓல்சன் பதிப்பித்த பயிரியல் தொகுதி 1995-லும் வெளிவந்தன.

மேற்கோளை எண்ணும் முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. சில நூறு பிரதிகளே அச்சான பேராதனை இதழை உலகில் பலர் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படி மேற்கோள் காட்டுவார்கள்? எங்கும் கிடைப்பது மேலும் மேலும் மேற்கோளாகும், கிடைக்காதது கீழேயே கிடக்கும். ஓல்சன் குழுவினர் இதை உணராதவர்கள் இல்லை. அதனால்தான் வளர்ந்த நாடுகளுக்கு ஒரு பட்டியல், வளரும் நாடுகளுக்கு வேறொரு பட்டியல் என்று இரண்டு தயாரித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, ஒரே துறைக்குள் இரண்டு துறைகள் இருப்பது தெரியும். நூலகத் துறையில் இந்த நேர்மையான வேலைக்கு நான் பெரிய மதிப்பு தருகிறேன்.

பட்டியல் போட்டாகிவிட்டது, வாங்கப் பணம்? அதற்கும் அவர்களே வழி தேடினார்கள். பதிப்பகங்களோடு பேசி, பட்டியலில் முன்னணியில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்விதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து குறுந்தகடுகளில் ஏற்றினார்கள். 'டீல்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் தொகுப்பு 1999-ல் வெளிவந்தது. ஏழை நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும், அச்சிதழ்ச் சந்தாவின் விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கொடுத்தார்கள். பெட்டி பெட்டியாகத் தகடுகள் வரும். அப்போது ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இணையம் இல்லை, இருந்தாலும் ஒரு பக்கம் திறக்க நெடுநேரம் ஆகும். தகடாக இருந்தால் மின்சாரமும் ஒரு கணினியும் போதும். பின்னர் இது வன்தட்டுக்கு மாறி, வளாகத்தின் உள்வலையில் ஓடியது. 2003-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 'அகோரா' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் மிகக் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்கள் இலவசமாகவும், சற்று மேலே உள்ள நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்திலும் கிடைத்தன.

நம் நாட்டிலும் ஆய்விதழ்ப் பிரச்சினை பெரிதும் தீர்ந்து வருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் 'செரா' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தி, வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்களைச் சேர்த்து வாங்கித் தந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் உரியது. நல்ல திட்டம். ஆனால் அந்த 13,000-த்துக்குள் ஒரு மாவட்டத்தின் மண் வரைபடம் வராது. எந்த ஆராய்ச்சி நிலையத்தின் 1930-ஆம் ஆண்டு அறிக்கையும் வராது.

மண் வரைபடங்களைப் பொறுத்தவரை, நெதர்லாந்தில் 1966-ல் மண் அருங்காட்சியகமாகத் தொடங்கி, இப்போது வாகனிங்கனில் இருக்கும் நிறுவனம் உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தோடு சேர்ந்து அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்திலும் உலக மண் ஆய்வு ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. அணை கட்டவும் பாசனத் திட்டம் போடவும் அயல்நாட்டு ஆலோசனை நிறுவனங்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மண் ஆய்வு செய்தபோது எழுதிய அறிக்கைகளை அங்கே திரட்டியிருக்கிறார்கள். ஆய்வு நடந்த நாட்டிலேயே பிரதி இல்லாத அறிக்கைகளும் அவற்றில் உண்டு. புதிதாகத் தொகுப்பு உருவாக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை, தன் நாட்டைப் பற்றிய பிரதிகளை இந்த இரண்டு இடங்களிலிருந்தும் கேட்டு வாங்குவதுதான். அதற்குக் கடிதம் எழுத ஒருவர் இருந்தால் போதும்.

பழையதைக் கழிக்கும்போதும் கவனம் வேண்டும். ஐந்து ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்று புத்தகங்களை ரேக்கிலிருந்து இறக்கும் வழக்கம் எல்லா நூலகங்களிலும் உண்டு. மருத்துவத்துக்கு அது சரி. மண்ணுக்குச் சரியில்லை. 1807-ல் வெளியான தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன், கேரளத்தின் அங்காடிப்புறம் பக்கத்தில் வெட்டி எடுத்து வெயிலில் வைத்தால் கல்லாக இறுகும் மண்ணைப் பற்றி எழுதி, அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். நாளடைவில், வெப்பமண்டலக் காட்டை அழித்தால் மண் முழுவதும் செங்கல்லாகிவிடும் என்ற நம்பிக்கை பாடநூல்களில் ஏறியது. பெட்ரோ சாஞ்செஸ் 1976-ல் எழுதிய வெப்பமண்டல மண்களின் பண்புகளும் மேலாண்மையும் பற்றிய நூல் அதை மறுத்தது. அப்படி இறுகக்கூடிய மண் வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்று காட்டியது. அந்த நூலின் இரண்டாம் பதிப்பு 2019-ல் வந்தது. புதியது வந்துவிட்டதே என்று பழையதைக் கழித்துவிடக் கூடாது. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் எந்தக் கருத்து மாறியது, எது நின்றது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் மாணவர் பார்க்க முடியும். லேட்டரைட் பற்றித் தவறான முடிவுக்கு வந்த பழைய அறிக்கைகளையும் வைத்திருக்க வேண்டும். முடிவு தவறாக இருந்தாலும் அவர்கள் குழி தோண்டி அளந்த அளவுகள் தவறில்லை. அந்தக் குழி இருந்த இடத்தில் இன்று வீடு இருக்கும், மறுபடி தோண்ட முடியாது.

கோயம்புத்தூரில் 1909-ல் நிரந்தர உரச் சோதனை ஒன்று தொடங்கியது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் நடக்கும் சோதனையின் மாதிரியில், ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்கு எருவே போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்த்து, ஒன்றுக்குத் தொழு உரம் என்று ஆண்டாண்டாக அதையே செய்துவருவது. இந்தியாவில் இன்றும் நடக்கும் மிகப் பழைய உரச் சோதனைகளில் இதுவும் ஒன்று. நூறு ஆண்டுக்கு மேலான மண்ணின் நினைவு அந்தப் பாத்திகளில் இருக்கிறது. அதன் ஆண்டு அறிக்கைகளும், 1913 முதல் வரும் 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்' தொகுதிகளும், மாணவர்களின் ஆய்வேடுகளும் சேர்ந்தால்தான் அந்தச் சோதனை நூலகத்தில் இருக்கிறது என்று பொருள். இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளையும் பழைய அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து திறந்து வைக்கும் 'கிருஷிகோஷ்' என்ற மின்களஞ்சியம் டெல்லியிலிருந்து நடக்கிறது. அதில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை ஆய்வேடுகளில் இணைப்பு வரைபடம் மட்டும் ஸ்கேன் ஆகாமல் விடுபட்டிருக்கிறது என்று.

வேளாண் நூலகங்கள் கண்டுகொள்ளாத இன்னொரு மண் ஆவணம் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு நகல் வாங்கிய எவரும் அதில் 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்ற கட்டங்களைப் பார்த்திருப்பார்கள். யாரும் அவற்றைப் படிப்பதில்லை. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி நிலவரித் திட்டத்துக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புல எண் வாரியாக நிலங்களைப் பார்த்து இது கரிசல், இது செவ்வல், இதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று வகைப்படுத்தி எழுதிய பதிவின் வாரிசு அந்தக் கட்டம். நோக்கம் வரி வசூல்தான். ஆனாலும் ஒரு மாகாணத்தின் பெரும்பகுதியை வயல் வயலாக நடந்து மண்ணை எழுதிவைத்த வேறு முயற்சி எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. அந்த நிலவரித் திட்ட அறிக்கைகளும், 1887-ல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு போன்றவையும் வரலாற்றுத் துறையின் ரேக்கில் இருக்கின்றன. மண்ணியல் மாணவர் அந்தப் பக்கம் போவதே இல்லை. அட்டவணையில் இவற்றுக்கு மண்ணியல் தலைப்பின் கீழும் ஒரு பதிவு போட்டுவிட்டால், புத்தகத்தை நகர்த்தாமலேயே தொகுப்பு பெருகிவிடும். செலவு ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு புதிய வேளாண் பல்கலைக்கழகத்தின் நூலக நிதியைக் கொடுத்தால், ஆய்விதழ்களுக்கு ஒரு பைசா ஒதுக்க மாட்டேன். சந்தாத் திட்டங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். பாடநூல்களுக்குக் கொஞ்சம், பர்ஸ்குளோவ் எழுதிய வெப்பமண்டலப் பயிர்கள் பற்றிய நான்கு தொகுதிகளைப் போன்ற, எப்போதும் தேவைப்படும் பழைய நூல்களுக்குக் கொஞ்சம். மீதியில் பெரும்பகுதியை, மண் படித்த ஒருவரைச் சேகரிப்பாளராக வேலைக்கு வைக்கவும், பெரிய அளவு வரைபடங்களை மடிப்பு விழாமல் எடுக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கவும் செலவிடுவேன். அவர் மாவட்டம் மாவட்டமாக மண் ஆய்வு அலுவலகங்களுக்கும் ஆராய்ச்சிப் பண்ணைகளுக்கும் பொதுப்பணித் துறையின் பாசனக் கோட்டங்களுக்கும் போக வேண்டும். கழிக்கக் கட்டி வைத்த காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1930-களிலும் 40-களிலும் அச்சான மரக்கூழ்க் காகிதம் நம் ஈரக் காற்றில் பழுத்து, மடித்தால் உடையும் பதத்துக்கு வந்துவிட்டது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்கிறது. எனவே ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போட முடியாது. அறிக்கைக்கும் வரைபடத்துக்கும் ஒரே பதிவு எண் கொடுக்க வேண்டும், ஒன்றைத் திறந்தால் மற்றதும் வர வேண்டும்.

பிறகு அவர் ஓய்வு பெற்ற மண் ஆய்வாளர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். அச்சில் வந்தது சுருக்கம்தான். குழிக்குள் நின்று பென்சிலில் எழுதிய களக் குறிப்பேடுகள் அவர்களிடம் இன்னும் இருக்கலாம். நிலத்துக்கார விவசாயி சொன்ன ஊர் வழக்கு, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, அந்த ஆண்டு என்ன பயிர் நின்றது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த ஆண்டே போய்க் கேட்க வேண்டும்.

(தொடரும்)